சந்தியில் நிற்கும் பிள்ளைகளும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் சங்கமும்



வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்கும் வரை உறங்காமல் காத்திருக்கும் உம்மாமார் நம் ஊர்களில் எத்தனை பேர்! வாப்பா அதட்டிக் களைத்துவிட்டார். உம்மா அழுது களைத்துவிட்டார். பிள்ளையோ கூட்டாளிமாரோடு சந்தியில் நிற்கிறான். "இந்தப் பொடியன்மார் உருப்படமாட்டார்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஊரும் தன் வேலையைப் பார்க்கிறது. இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். அறுபது வருடங்களுக்கு முன்னர் இங்கிலாந்துத் தாய்மாரும் இதே கவலையோடுதான் இரவுகளைக் கழித்தார்கள். அங்கு நடந்த ஒரு விடயத்தை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

லண்டன் நகரின் வடக்குச் சுற்று வீதியில் 'ஏஸ் கபே' என்றொரு தேநீர்க் கடை 1938இல் திறக்கப்பட்டது. லொறிச் சாரதிகள் இரவு பகலாக வந்து போகும் கடை அது. உலக யுத்தத்தில் குண்டு வீழ்ந்து அழிந்த அக்கடை 1949இல் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. யுத்தத்துக்குப் பின்னர் வாலிபர்களின் கையில் சம்பளப் பணம் புழங்கத் தொடங்கியது. டிரயம்ப், பீ.எஸ்.ஏ., நோர்டன் என்ற வண்டிகளைத் தவணைக் கட்டணத்தில் வாங்கிக்கொண்டு அவர்கள் அக்கடை வாசலில் கூடினார்கள். மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டவனுக்கே அங்கு மதிப்பு. மரணங்களும் நிகழ்ந்தன. பத்திரிகைகள் இவர்களைத் திட்டித் தீர்த்தன. 1964இல் கடற்கரைப் பட்டினங்கள் சிலவற்றில் இவர்களுக்கும் இன்னொரு வாலிபர் கூட்டத்துக்கும் கைகலப்பு மூண்டபோது, மோட்டார் சைக்கிள் ஓட்டும் வாலிபன் என்றாலே காடையன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

லண்டனின் கிழக்கே ஹக்னி விக் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் ஒரு தேவாலயம் இருந்தது. அங்கே 1959இல் வாலிபர் சங்கமொன்று தொடங்கப்பட்டு, அந்த வருடத்தின் எண்ணையே பெயராகக் கொண்டு '59 கிளப்' என அழைக்கப்பட்டது. அத்தேவாலயத்தில் பணியாற்றிய பில் ஷேர்கோல்ட் என்ற பாதிரியார் தாமும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர். ஊர் ஒதுக்கிய இந்தப் பிள்ளைகளை 1962இல் ஓர் ஆராதனைக்கு அழைக்க விரும்பிய அவர், ஆள் அனுப்பவில்லை. தமது வண்டியில் ஏறி, உள்ளூர அச்சத்தோடுதான், ஏஸ் கபே வாசலுக்கே போய் இறங்கினார். அடி விழும் என்று பயந்த இடத்தில் அவருக்கு வரவேற்புக் கிடைத்தது. பிள்ளைகள் வந்தார்கள். சங்கத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவொன்று உருவாயிற்று. பின்னர் அது லண்டனின் பெடிங்டன் பகுதிக்கு மாறி, பல்லாயிரம் அங்கத்தவரைக் கொண்டதாக வளர்ந்தது. 59 என்ற எண் பொறித்த சின்னத்தைத் தோல் ஜக்கட்டில் தைத்துக்கொள்வது அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. பாதிரியார் அவர்களில் பலருக்குத் திருமணம் நடத்தி வைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அமர்ந்தார். சிலரை அடக்கமும் செய்தார். 2009இல் அவர் காலமானார். சங்கம் இன்றும் இருக்கிறது.

சகோதரிகளே, அவர் பெரிய மாயம் எதையும் செய்துவிடவில்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போனார். அவர்கள் விரும்பியதை இழிவாகப் பேசாமல் தாமும் அதில் பங்குகொண்டார். கூடிப் பேச, விளையாட, ஒரு கோப்பி குடிக்க அவர்களுக்கு ஓர் இடத்தைக் கொடுத்தார். வேகம் முற்றாக நின்றுவிடவில்லை; மரணங்களும் நின்றுவிடவில்லை. ஆனால் விழுந்து கிடந்தவனைத் தேடி வர ஒரு பெரியவர் இருந்தார். புத்தி சொல்ல வாயுள்ளவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், தன்னைத் தேடி வந்தவரின் சொல்தானே வாலிபனின் காதில் ஏறும்?

எனது சிறுபராயத்தில் ஊரில் மோட்டார் சைக்கிள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிபரிடம் ஒன்று, நெல் வியாபாரியிடம் ஒன்று, மீன் பெட்டி கட்டிய வண்டிகள் இரண்டொன்று. நடுநிசியில் ஒரு வீட்டில் பிரசவ வேதனை என்றால், பக்கத்து வீட்டு ஹொண்டாதான் மருத்துவிச்சியை ஏற்றி வரும். வண்டி வீட்டுக்காரருடையது, உபயோகம் தெருவுக்கே உரியது. இன்று வீட்டுக்கு ஒன்றிரண்டு நிற்கின்றன. வண்டி பெருகிய அளவுக்கு, அதை ஓட்டும் பிள்ளைக்கு ஊரில் பொறுப்பும் பெருகியதா? வாலிபர்கள் கூட ஒரு மண்டபம், ஒரு விளையாட்டு மைதானம், ஒரு நூலகம் என்று நாம் என்ன கொடுத்தோம்? சந்தியை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் எது?

இனித் தலைக்கவசம் பற்றி ஒரு வார்த்தை. அரேபிய லோரன்ஸ் என்று நம்மவர்களும் கேள்விப்பட்டிருக்கும் டி.இ. லோரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் தமது வீட்டுக்கு அருகில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்களில் மோதாதிருக்கத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து 46ஆவது வயதில் இறந்தார். அவருக்குச் சிகிச்சையளிக்க அழைக்கப்பட்டோருள் ஹியூ கெயர்ன்ஸ் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருவர். அவர் பின்னர் இத்தகைய விபத்துக்களை ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதை 1941இல் எழுதி வெளியிட்டார். பிரித்தானிய இராணுவம் அவ்வருடமே செய்தி கொண்டு செல்லும் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குச் சட்டம் வந்ததோ 1973இல்தான். லோரன்ஸ் இறந்து 38 வருடங்கள் கழித்து! பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், கவசம் அணிவதால் மரண ஆபத்து 40 வீதமளவிலும் தலைக்காயம் 70 வீதமளவிலும் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பொலிஸ் நிற்கும் சந்தி வரும்போது தலைக்குப் போகும் கவசம், அது கடந்ததும் கைப்பிடியில் தொங்குகிறது. ஓட்டும் கணவர் அணிந்திருப்பார். பின்னால் பிள்ளையை அணைத்தபடி இருக்கும் மனைவியின் தலை வெறுமையாக இருக்கும். வீதிக்கு ஆண் தலை, பெண் தலை என்ற பேதம் தெரியுமா? வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிப் பூட்டாத கவசம் விழும்போது நமக்கு முன்னே பறந்துவிடும். அபாயாவின் ஓரமும் சாரித் தலைப்பும் சில்லிலும் சங்கிலியிலும் சிக்கி எத்தனை பேரை இழுத்து வீழ்த்தியிருக்கின்றன! ஏறி அமர்ந்ததும் உடையை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள மறக்காதீர்கள். சின்னஞ்சிறு பிள்ளையைப் பெற்றோல் தாங்கியின் மேல் இருத்திச் செல்வது செல்லம் அல்ல, ஆபத்து.

மகன் இன்றிரவு பிந்தி வந்தால், வாசலில் நின்று ஏசத் தொடங்காதீர்கள். சோற்றை எடுத்து வையுங்கள். அவன் சாப்பிட்டு முடியும் வரை பக்கத்தில் இருங்கள். எங்கே போனாய், யாரோடு போனாய் என்று அமைதியாகக் கேளுங்கள். கூட்டாளிமாரை ஒரு நாள் தேநீருக்கு வீட்டுக்கு அழைக்கச் சொல்லுங்கள். வாப்பா அந்த வண்டியைத் துடைத்து எண்ணெய் இடும் வேலையில் அவனோடு ஒரு மணித்தியாலம் குந்தியிருக்கட்டும். அந்த நேரத்தில் சொல்லும் ஒரு புத்தி அவன் மனதில் நிற்கும். காலையில் அவன் புறப்படும்போது, சாவியோடு தலைக்கவசத்தையும் உங்கள் கையாலேயே எடுத்துக் கொடுங்கள்.