ராகம் பொது, சரி. கிதாரும் பொதுவா?

போன சனிக்கிழமை ராத்திரி இங்கே மெல்பர்னில் நண்பர் வீட்டில் பாட்லக். ஆறு குடும்பம். அவரவர் பாத்திரத்தோடு போய் இறங்கினோம். சாப்பிட்டு முடித்து, யாருடைய மூடி யாருடைய டப்பாவுக்கு என்று தங்கமணிகள் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ ஸ்பீக்கரில் 'வராஹ ரூபம்' போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். பன்னிரண்டரை மணிக்கு வீட்டுக்காரர் கொட்டாவி விட்டபடி ஒவ்வொரு விளக்காக அணைக்கிற வரைக்கும் சண்டை ஓயவில்லை.

சண்டை ஒன்றல்ல, ரெண்டு. அது ராக் பாட்டா, பக்திப் பாட்டா? இது முதல் சண்டை. தைக்குடம் பிரிட்ஜ் குழுவின் 'நவரசம்' பாட்டிலிருந்து அதை எடுத்தார்களா இல்லையா? இது ரெண்டாவது. ரெண்டையும் தனித்தனியாகத்தான் ஆரம்பித்தோம். கடைசியில் பார்த்தால் ரெண்டும் ஒரே சண்டைதான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. தைக்குடம் பிரிட்ஜ் 2013ல் தொடங்கிய கேரள ராக் குழு. கொச்சியில் இருக்கிற தைக்குடம்தான் பெயருக்குக் காரணம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நம்ம '96' படத்து கோவிந்த் வசந்தா. 2015ல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம் 'நவரசம்'. 2022 செப்டம்பர் 30ல் 'காந்தாரா' வந்தது. இசை அஜனீஷ் லோக்நாத். கடைசிக் காட்சியில் வருகிற 'வராஹ ரூபம்' பாட்டைக் கேட்டுவிட்டு தைக்குடம்காரர்கள், "இது எங்க பாட்டாச்சே" என்றார்கள். படத்தரப்பு, ஒரே மாதிரி ராகங்கள் என்பதால் அப்படித் தோன்றுகிறது என்றது. தோடி, தோடி என்று அந்த மாசம் இணையம் பூரா ஒரே பேச்சு. தோடியையும் தோடாவையும் பிரிக்கத் தெரியாதவர்கள்கூட ராக ஆராய்ச்சி பண்ணினார்கள். (என்னையும் சேர்த்துத்தான்!)

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. அக்டோபர் கடைசியில் கோழிக்கோடு நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அடுத்து 'நவரசம்' உரிமையை வைத்திருக்கும் மாத்ருபூமி நிறுவனம் வழக்குப் போட, நவம்பரில் இன்னொரு தடை. அந்த இன்னொரு தடை எங்கே தெரியுமா? எங்க பாலக்காட்டில்!

இப்ப கொஞ்சம் கொசுவத்தி. நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆள். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், கடைக்குப் போனால் ரெண்டும் கலந்து. அந்தச் செய்தியை ஊரிலிருந்து மச்சான்தான் முதலில் அனுப்பினார். "மாப்ள, நம்மூரு கோர்ட்டுல தோடி ராகத்துக்கு வாய்தா போட்டிருக்காங்கோ" என்று. சிரித்தேன். அப்புறம் யோசித்தால், சரியான இடத்துக்குத்தான் வழக்கு போயிருக்கிறது. செம்பை வைத்தியநாத பாகவதருடைய மாவட்டம். அவர் பெயரில் அரசு இசைக் கல்லூரியே அங்கே இருக்கிறது. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. 1928ல் பிறந்த எலப்புள்ளி, டவுனிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம். மேற்கத்திய வாத்தியத்தையும் நம்ம ராகத்தையும் ஒரே பானையில் போட்டு ஆக்கிக் காட்டியவருடைய மண்ணில், "ராகம்னா போதுமா, கிதாருக்குக் கணக்கில்லையா" என்று வழக்கு!

சரி, சண்டைக்கு வருவோம். மைசூர்க்கார நண்பர் ஒருவர், நல்ல மனுஷர், "இது சாமி பாட்டு, தெய்வம் வந்து இறங்கற நேரத்துல பாடறது, இதைப் போய் ராக்னு சொல்லலாமா" என்று வருத்தமாகவே கேட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பக்தி என்பது பாட்டு எதுக்கு என்பதற்கான பதில். ராக் என்பது எப்படி ஒலிக்கிறது என்பதற்கான பதில். கனத்த கிதார் கீழே நின்று நின்று இடிக்க, டிரம்ஸ் அதோடு சேர்ந்து விழ, மேலே கர்நாடகக் குரல் நீளமாக இழுத்துக்கொண்டு போகிறது. இதுக்கு ராக் என்றுதான் பேர். ஒரு பிடி கூடப் போட்டால் மெட்டல்.

இதுக்கு ஒரு சோதனையும் தானாகவே நடந்தது. 2022 நவம்பர் 24ல் படம் அமேசான் பிரைமில் வந்தபோது, தடை காரணமாக அந்தப் பாட்டை மாற்றியிருந்தார்கள். சொற்கள் அதேதான். மெட்டும் பின்னணியும் வேறு. படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள், உயிரே போச்சு என்று. சாமி அங்கேதான் இருந்தது, சொல்லும் இருந்தது. போனது ஒலி. "மெட்டும்தானே போச்சு, கிதார் மட்டுமா?" என்று மடக்கினார் நண்பர். நியாயமான மடக்கு. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில் சொன்னது என் பெரியவன். பதினாறு வயசு, கிதார் பைத்தியம். அதுவரை மூலையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்பா, ஸ்டெயர்வே டு ஹெவன் கேஸ் தெரியுமா?" என்றான்.

லெட் செப்பலின் 1971ல் போட்ட பாட்டு. அதிலும் இதே வகைச் சண்டை உண்டு. நாட்டுப்பாட்டு மாதிரி மெதுவாக ஆரம்பித்து எட்டு நிமிஷத்தில் முழு ராக்காக முடிகிறது, அதை எந்த அலமாரியில் வைப்பது என்று. அதன் ஆரம்பக் கிதார், ஸ்பிரிட் என்ற குழு 1968ல் வெளியிட்ட 'டாரஸ்' என்ற பாட்டிலிருந்து வந்தது என்று 2014ல் வழக்கு. ரெண்டிலும் ஏ மைனரில் ஒரு ஸ்வர வரிசை அரை அரைப் படியாக இறங்கும். 2016ல் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி, இவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் இது நகல் இல்லை என்றது. 2020ல் மேல்முறையீட்டிலும் அதே. உச்ச நீதிமன்றம் எடுக்கவே மறுத்தது. இறங்கு வரிசை யாருக்கும் சொந்தமில்லை. நம்ம 'ராகம் பொது' கட்சிக்காரர்களுக்கு இது லட்டு.

ஆனால் பையன் அதோடு நிறுத்தவில்லை. ரெண்டு பாட்டும் ஒன்றா என்று பார்க்க, 'டாரஸ்' ரெக்கார்டை அந்த ஜூரிக்குப் போட்டுக் காட்டவே இல்லையாம். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி, பதிவு அலுவலகத்தில் கொடுத்த காகித நொட்டேஷன் மட்டும்தான் பாட்டு. ஒலி கணக்கில் வராது. காகிதத்தில் இருந்ததை வைத்துத்தான் ஒப்பிட்டார்கள்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நம்ம நாட்டிலும் 1957 காப்புரிமைச் சட்டத்தில் எழுத்தில் இருந்தால்தான் இசை என்ற மாதிரி ஒரு நிபந்தனை இருந்தது. 1994 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். நொட்டேஷன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், இசைதான் படைப்பு. குரு வாயால் பாடி சிஷ்யன் காதால் வாங்குகிற ஊருக்கு அதுதானே சரி? அப்படியானால் நாம் கேட்க வேண்டியது ராகம் ஒன்றா என்பதல்ல. காதுக்கு எது எதுவெல்லாம் வருகிறதோ, அது மொத்தமும் எவ்வளவு ஒன்று என்பதுதான்.

அதனால் 'ஒரே ராகம்' என்ற பதிலே எனக்குச் சரியாகப் படவில்லை. தைக்குடம்காரர்கள் தோடிக்குப் பட்டா கேட்கவில்லை. கேட்டது, கிதார் எந்த இடத்தில் நிற்கிறது, குரல் எந்த இடத்தில் அதன்மேல் ஏறுகிறது என்கிற சேர்மானத்துக்கு. அதுக்குத் தோடி என்று பதில் சொன்னால், கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம்.

உடனே, "கர்நாடக ராக் என்ன இவங்க கண்டுபிடிச்சதா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. கொச்சி மதர்ஜேனில் பைஜு தர்மஜன் கிதாரிலேயே கமகம் போட்டார், 'மக்தூப்' ஆல்பம் 2008லேயே வந்துவிட்டது. பெங்களூர் அகம் குழு இருக்கிறது. ராகம் எப்படிப் பொதுவோ, அந்த வகையும் பொதுதான். யாரும் வேலி போட முடியாது, போடவும் கூடாது. ரெண்டு பொதுவையும் ஒருத்தர் ஒரு குறிப்பிட்ட விதத்தில் கட்டும்போது, அந்தக் கட்டுக்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிடுகிறார்.

இதை என்னைவிட அழகாகச் சொன்னது தங்கமணி. அவள் இடுக்கி மறையூர்ப் பக்கம். "கரும்பு உடுமலையிலயும்தான் விளையுது. அங்க காய்ச்சின வெல்லத்தை உருட்டி மறையூர் சர்க்கரைன்னு வித்தா எங்கப்பா சும்மா இருப்பாரா?" மறையூர் சர்க்கரைக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாமனார் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். நானும் விடாமல் எங்க எலப்புள்ளிப் பக்கத்து ராமசேரி இட்லியை எடுத்துவிட்டேன். அரிசியும் உளுந்தும் எந்த வீட்டில் இல்லை? ஆனால் மண்பானை வாயில் நூல் கட்டி, துணி விரித்து, தோசை மாதிரி தட்டையாக வேகவைக்கிற கட்டு அந்த ஊருடையது.

வழக்கு என்னாச்சு என்றால், தடைகள் விலகியது ராகத்தாலும் இல்லை, ராக்காலும் இல்லை. இந்த வழக்கை எந்தக் கோர்ட் விசாரிக்கலாம் என்ற அதிகார வரம்புப் பிரச்சினையில் தடைகள் விலகின, பழைய பாட்டு படத்துக்குத் திரும்பியது. 2023 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் நிபந்தனையாகப் பாட்டை நிறுத்தச் சொன்னது. அந்த நிபந்தனைக்கு ரெண்டு நாளில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பிறகு ரஹ்மானின் 'வீரா ராஜ வீரா' விஷயத்திலும் இதே கதை. டாகர் குடும்பத்தின் 'சிவ ஸ்துதி'யிலிருந்து வந்தது என்று 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி சொன்னார், செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. வக்கீல்கள் பாடு. நாம் காதை மட்டும் வைத்துப் பேசுகிறவர்கள்.

நான் இதில் இவ்வளவு சூடானதுக்குக் காரணம் ஒன்று உண்டு. பெரியவனுக்குப் பள்ளி இசைப் பாடத்தில் சொந்தமாக ஒரு பாட்டு கட்டிக் கொடுக்க வேண்டும். தோடியில் ஒரு மெட்டு போட்டிருந்தான், கேட்க நன்றாகவே இருந்தது. அதுக்குக் கீழே கிதாரும் டிரம்ஸும் மட்டும் 'நவரசம்' நடையில் நடந்தன. "பேர் போடணுமாப்பா?" என்று போன மாசமே கேட்டான். நான் பொட்டி தட்டுகிற மும்முரத்தில், "அதெல்லாம் வேண்டாம்டா, ராகம் எல்லாருக்கும் பொது" என்று சொல்லிவிட்டேன். மார்க் குறைந்துவிடுமோ என்கிற பயம்தான், வேறென்ன.

எங்க பெரியப்பா சித்தூர்ப் பக்கக் கோயில்களில் தவில் வாசித்தவர். ஒரு தீர்மானம் வாசித்துவிட்டு, "இது நம்முளுது இல்லீங், இன்னார் வாசிச்சுக் கேட்டது" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். யாரும் கேட்டதில்லை, எந்தச் சட்டமும் சொன்னதில்லை. கச்சேரியிலும் அப்படித்தானே, யார் கிருதி, யாரிடம் பாடம் என்று சொல்வது வழக்கம். ராகம் பொது என்பதை மரபிலிருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பாதியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்கள்? விட்டவன் முதலில் நான்தான். அதுவும் சொந்தப் பிள்ளையிடம்.

ராத்திரி காரில் திரும்பும்போது அவனிடம் சொன்னேன், பேர் போட்டுவிடு என்று. "நான் அன்னிக்கே போட்டுட்டேன்பா" என்றான், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

மைசூர்க்காரர் இன்னமும் அது சாமி பாட்டுதான் என்கிறார். அடுத்த பாட்லக் எங்க வீட்டில். மண்பானை கிடைத்தால் ராமசேரி இட்லி, கிடைக்காவிட்டால் சாதா இட்லி. இட்லியை இட்லி என்றே சொல்லிப் பரிமாறுவோம் :-)