பாவனை வகுப்பறை

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் மேடு வைத்த மஞ்சள் நிற ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. வெண்கோல் ஊன்றி நடப்பவர்களுக்கு அவையே வழிகாட்டி. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்குதான் இயங்கி வருகிறது. எனவே, பார்வையற்றோர் பலர் இவ்வழியே நடந்து செல்கின்றனர். அந்த ஓடுகளின் மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டால் அவர்களின் வழி அடைபட்டுவிடும். அதை நிறுத்தியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பறையிலும் இதே போன்ற தடைகள் உண்டு. கணித ஆசிரியர் ஒருவர் வெண்பலகையைச் சுட்டி, “இதையும் இதையும் கூட்டினால் இது வரும்” என்கிறார் எனக் கொள்ளலாம். பார்வையற்ற மாணவருக்கு அந்த வாக்கியத்தில் ஓர் எண்கூட இல்லை. கூச்சத்தினால் அவர் கேள்வி கேட்காமல் இருந்துவிட்டால், அன்றைய பாடத்தை இழந்துவிடுவார். ஆசிரியருக்கோ அது தெரியவே தெரியாது.

2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்விப் பெருந்திட்டம், சிறப்புத் தேவையுடைய மாணவர்களுள் 75 விழுக்காட்டினர் மற்ற மாணவர்களோடு சேர்ந்து பயில வேண்டும் என்று இலக்கு வகுத்தது. ஆகவே, புதிய ஆசிரியர் எவரும் இத்தகைய மாணவரைச் சந்திக்க நேரலாம். அவர் செய்யும் முதல் தவற்றின் விலையை ஒரு மாணவர் செலுத்துவது நியாயமன்று. அதனால்தான் பயிற்சி ஆசிரியர்களுக்குப் பாவனை வகுப்பறை தேவைப்படுகிறது.

விமானி பயணிகளை ஏற்றிச் செல்வதற்கு முன் பாவனை விமானத்தில் பழகுகிறார். ஆசிரியர் பயிற்சியிலும் இம்முறை புதிதன்று. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நுண்கற்பித்தல் முறை உருவானது. பயிற்சி ஆசிரியர் சில நிமிடங்களுக்கு மட்டும் பாடம் நடத்துவார். ஒளிப்பதிவைப் பார்த்துக் குறைகளை அறிந்து, மீண்டும் நடத்துவார். இன்று திரையில் தோன்றும் மாணவ உருவங்களுக்குப் பாடம் நடத்தும் வசதியும் வந்துவிட்டது. ஆனால், விலையுயர்ந்த கருவி எப்போதும் தேவைப்படுவதில்லை. சக பயிற்சியாளர் ஒருவர் வெண்பலகைக்கு முதுகு காட்டி அமர்ந்து, காதால் கேட்டதை மட்டும் வைத்துக் கணக்கைச் செய்து பார்த்தாலே போதும். முதல் முறை அவருக்குக் கணக்கு வராது. “மூன்றையும் ஐந்தையும் கூட்டினால் எட்டு” என்று ஆசிரியர் தம் பேச்சை மாற்றியதும் வந்துவிடும்.

இது வெறும் நடிப்புதானே என்று சிலர் கேட்கின்றனர். அக்கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. துணியால் கண்ணைக் கட்டிக்கொள்பவர் நினைத்தபோது அதை அவிழ்த்துவிடலாம். பத்து நிமிட இருட்டு அவருக்கு அச்சத்தைத்தான் தரும். பார்வையின்றியே படித்து, பயணம் செய்து, வேலை பார்ப்பவரின் திறமையைக் காட்டாது. அந்த அச்சம் இரக்கமாக மாறினால் ஆபத்து. “பாவம், இவருக்கு எளிய கேள்வி போதும்” என்று நினைக்கும் ஆசிரியர் மாணவரின் வளர்ச்சிக்கு மற்றொரு தடையாகிவிடுவார்.

இக்குறையைத் தீர்க்க வழி உண்டு. பாவனைச் சூழலைப் பயிற்றுநர்கள் தாமாகக் கற்பனை செய்யக் கூடாது. அந்த வாழ்க்கையை வாழ்பவர்களே அதை வடிவமைக்க உதவ வேண்டும். பயிற்சி முடிந்ததும் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று அவர்களே கூற வேண்டும். லெம்பா பந்தாயில் உள்ள ஆசிரியர் கல்விக் கழக வளாகத்திற்கும் பிரிக்பீல்ட்சுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். கற்றுக் கொடுக்கக்கூடியவர்கள் இவ்வளவு அருகில் இருக்கும்போது அவர்களை அழைக்காமல் இருப்பது நமக்கே இழப்பு.

பாவனை வகுப்பறை உண்மையான வகுப்பறைக்கு மாற்றாகாது. பள்ளிக்குச் சென்று கற்பித்துப் பழகும் பயிற்சி எப்போதும் வேண்டும். எனினும், வழியை மறித்து நிற்பது தாமே என்பதை ஓர் ஆசிரியர் மாணவர்முன் நிற்பதற்கு முன்பே உணர்ந்துகொள்வது நல்லது.