ஆட்டத்தின் மதிப்பெண்ணும் கற்றலின் அளவும்

நுழையும்முன்

கணினியிலும் திறன்பேசியிலும் ஆடப்படும் விளையாட்டுகள் இன்று பாடம் கற்பிக்கவும் முன்வந்துள்ளன. கணக்கு, மொழி, அறிவியல் என ஒவ்வொரு பாடத்திற்கும் செயலிகள் பல உள்ளன. அவை உண்மையில் கற்பிக்கின்றனவா என்பதை எதைக் கொண்டு அறிவது என்னும் வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

பற்றவைப்பாளரின் தேர்வு

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது துவாக்குடி. 1964ஆம் ஆண்டு மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்த கல்வி நிறுவனம் இங்குள்ளது. அருகில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை இயங்குகிறது. அவ்வாலையைச் சார்ந்து எழுந்த சிறுதொழிற்கூடங்களும் பல. கணினி நிரல் எழுதும் மாணவரும் இரும்புக் குழாயைப் பற்றவைக்கும் தொழிலாளரும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்கும் ஊர் இது.

கொதிகலன் குழாய்களின் இணைப்பில் ஊசிமுனையளவு துளை இருப்பினும் உயரழுத்த நீராவி அதன்வழியே சீறி வெளிப்படும், உயிருக்கே ஆபத்தாகும். ஆதலால், பற்றவைப்பு எனும் வெல்டிங் தொழிலில் ஒருவர் தேர்ந்தவரா என்பதை அறிய, அவர் பற்றவைத்த துண்டையே ஆராய்வர். ஊடுகதிரால் படமெடுத்து உள்ளே குறை உண்டா எனப் பார்ப்பர். துண்டாக வெட்டி வளைத்து, விரிசல் விடுகிறதா என நோக்குவர். அவர் எத்தனை மணிநேரம் பயின்றார், எத்துணை விருப்பத்துடன் பயின்றார் என்பன அங்கே கணக்கில் வருவதில்லை.

பற்றவைப்பைக் கற்பிக்கவும் மெய்நிகர் கருவிகள் வந்துவிட்டன. பயில்பவர் தலைக்கவசம் அணிந்து கைப்பிடியை நகர்த்துகிறார். கண்முன் தீப்பொறி பறக்கிறது. செவியில் ஓசை கேட்கிறது. கைப்பிடியின் சாய்வு, வேகம், இடைவெளி ஆகியவற்றைக் கணித்துக் கருவி மதிப்பெண் வழங்குகிறது. தோற்றத்தில் அது கணினி விளையாட்டேயாகும். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இத்தகைய பயிற்சியை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. பாதி நேரம் கருவியிலும் பாதி நேரம் பட்டறையிலும் பயின்றோர், பட்டறையில் மட்டுமே பயின்றோருக்குச் சளைக்கவில்லை. சிலவகை இணைப்புகளில் அவர்களை விஞ்சவும் செய்தனர். கருவி தந்த மதிப்பெண்ணைக் கொண்டு ஆய்வாளர்கள் இம்முடிவுக்கு வரவில்லை. உண்மை இரும்பில், உண்மை நெருப்பில் இரு சாராரும் பற்றவைத்த துண்டுகளே சான்றாயின.

பள்ளிப் பாடத்திற்கென விற்கப்படும் விளையாட்டுகளில் இந்த ஒழுங்கைக் காண்பது அரிது. இத்தனை இலட்சம் பேர் பதிவிறக்கம் செய்தனர், நாள்தோறும் இத்தனை நிமிடம் ஆடுகின்றனர், இத்தனை பதக்கங்களை வென்றனர் என்றே விளம்பரங்கள் கூறுகின்றன. இவை யாவும் ஆட்டத்தின் உள்ளே எடுத்த அளவுகள். ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுவோர் அந்த விளையாட்டில் தேர்ச்சி பெறுவர் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

வடோதராவில் கண்டது

நம் நாட்டிலேயே இதனை முறையாக அளந்த நிகழ்வுண்டு. 2000ஆம் ஆண்டு குசராத்து அரசு, வடோதரா நகராட்சித் தொடக்கப்பள்ளிகளுக்குப் பள்ளிக்கு நான்கு கணினிகள் வீதம் வழங்கியது. ஈராண்டுக்குப் பின்னர்ப் பார்த்தபோது, தொடக்க வகுப்புப் பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்திய பள்ளிகள் மிகச் சிலவே. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் அக்கணினிகளுக்கு உயிரூட்ட முன்வந்தது. நான்காம் வகுப்பு மாணவர் இருவர் ஒரு கணினியின் முன் அமர்ந்து, வாரம் இரண்டு மணிநேரம் கணக்கு விளையாட்டுகளை ஆடினர். மாணவரின் திறத்திற்கேற்ப வினாக்களின் கடினம் கூடும், அல்லது குறையும்.

எல்லாப் பள்ளிகளிலும் ஒருசேரத் தொடங்காமல், குலுக்கல் முறையில் ஏறத்தாழப் பாதிப் பள்ளிகளுக்கு முதலாண்டும் எஞ்சியவற்றிற்கு அடுத்த ஆண்டும் இவ்வாய்ப்பு அளிக்கப்பட்டது. இதுவே இந்த ஆய்வின் வலிமை. ஓராண்டு வளர்ந்தால் எந்தக் குழந்தையும் சிறிதளவேனும் கூடுதலாகக் கற்றிருக்கும். அந்த இயல்பான வளர்ச்சியைக் கழித்துவிட்டு, விளையாட்டால் மட்டும் விளைந்ததைக் காண வேண்டுமெனில், விளையாடாத பள்ளியும் உடன் நிற்க வேண்டும். அபிசித் பானர்ச்சி, எசுத்தர் டூஃப்ளோ உள்ளிட்ட அறிஞர் நால்வர் நடத்திய இவ்வாய்வு 2007இல் வெளியாயிற்று. பானர்ச்சியும் டூஃப்ளோவும் 2019ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டோர் ஆவர்.

கணக்குத் தேர்வில் மாணவர் பெற்ற ஏற்றம் முதலாண்டில் 0.35 திட்ட விலக்கம். இரண்டாம் ஆண்டில் 0.47. நூறு மாணவரைத் தரவரிசைப்படுத்தினால், நடுவில் ஐம்பதாம் இடத்தில் நிற்கும் ஒருவர் ஏறத்தாழ முப்பத்திரண்டாம் இடத்திற்கு முன்னேறியதற்கு இவ்விரண்டாம் ஆண்டின் ஏற்றம் ஒப்பாகும். கல்வித் திட்டங்களுள் இத்தகைய ஏற்றம் எளிதில் வாய்ப்பதன்று. இத்துடன் ஆய்வை முடித்திருப்பின், நாடெங்கும் கணினி விளையாட்டைப் புகுத்துக என முழங்கியிருக்கலாம்.

ஆய்வாளர்கள் ஓராண்டு பொறுத்திருந்து மீண்டும் தேர்வு வைத்தனர். ஏற்றம் 0.1 அளவிற்குச் சுருங்கியிருந்தது. முப்பத்திரண்டாம் இடத்திற்கு வந்த அதே மாணவர் இப்போது நாற்பத்தாறாம் இடத்தில் நிற்கிறார். முன்னேற்றம் முழுதும் அழிந்துவிடவில்லை; எனினும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. இந்த இரண்டாம் தேர்வு நடவாதிருந்தால் அக்கரைவை எவரும் அறிந்திருக்க மாட்டார்.

எதற்கு மாற்றாக ஆடப்பட்டது?

அளவீட்டில் பெரிதும் மறக்கப்படும் வினா இதுவே. குசராத்தில் ஞானசாலை என்னும் தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் லீ லிண்டன் என்னும் ஆய்வாளர் இதனை நேரடியாகச் சோதித்தார். கணினிவழிக் கணக்குப் பயிற்சி ஒன்றே. அதனை ஆசிரியர் பாடம் நடத்தும் வேளையில், அப்பாடத்திற்கு மாற்றாக அளித்தபோது மாணவர் 0.57 திட்ட விலக்கம் பின்தங்கினர். வகுப்பு முடிந்தபின் கூடுதல் பயிற்சியாக அளித்தபோது 0.28 முன்னேறினர். எனவே, இந்த விளையாட்டு நல்லதா, தீயதா என்னும் கேள்வியே முழுமையற்றது. அது யாருடைய எந்த நேரத்தை எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். நல்லாசிரியர் ஒருவர் நடத்தும் நாற்பது நிமிட வகுப்பைப் பறிக்கும் விளையாட்டு, எத்துணை அழகிய வண்ணங்களில் மிளிர்ந்தாலும், பிள்ளைகளுக்கு இழப்பையே தரக்கூடும். மாலையில் வெறுமனே கழியும் ஒரு மணிநேரத்தில் அதே விளையாட்டு வரமாகலாம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்துள்ள இக்காலத்தில் இவ்வேறுபாடு ஏட்டளவிலான ஆராய்ச்சியன்று. தனிப்பயிற்சிக்குச் செல்ல வசதியற்ற முதல் தலைமுறை மாணவருக்குப் பள்ளி நேரமே உள்ள நேரம். அதனைப் பறிகொடுத்தால் ஈடு செய்ய அவரிடம் வேறொன்றும் இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. தில்லியில் 214 முன்பருவப் பள்ளிகளைச் சேர்ந்த 1540 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயிற்று. எண்ணிக்கையையும் வடிவத்தையும் கண்ணால் மதிப்பிடும் விளையாட்டுகளை அக்குழந்தைகள் சில மாதங்கள் ஆடினர். அவை கணினி விளையாட்டுகள் அல்ல. அட்டை கொண்டு ஆடியவை. அம்மதிப்பிடும் ஆற்றல் வளர்ந்தது. ஓராண்டுக்கு மேலும் நிலைத்தது. ஆயினும் தொடக்கப்பள்ளியில் எண்ணுருக்களையும் கூட்டலையும் கற்கத் தொடங்கியபோது, ஆடாத குழந்தைகளைவிட அவர்கள் முந்தவில்லை. பல்லாங்குழி ஆடினால் கணக்கு வரும் என்று பெருமிதத்துடன் கூறுவோர் இதனைக் கருதிப் பார்க்கலாம். பதினான்கு குழிகளில் முத்துகளை எண்ணி இடும் பழக்கம் எண்ணுவதில் விரைவைத் தரக்கூடும். அவ்விரைவு பின்னக் கணக்கிற்கும் கைகொடுக்கும் என்பது தனியே மெய்ப்பிக்க வேண்டியது.

பெரியோருக்கும் இது பொருந்தும். 2010ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரங்கள் இணையவழி மூளைப் பயிற்சி விளையாட்டுகளில் ஈடுபட்டனர். ஆடிய விளையாட்டுகள் ஒவ்வொன்றிலும் முன்னேறினர். அவற்றை மிகவும் ஒத்த வேறு பணிகளில்கூட அம்முன்னேற்றம் தென்படவில்லை. இத்தகைய விளையாட்டுகளை விற்ற லுமாசிட்டி நிறுவனம், போதிய சான்றின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில், 2016இல் இருபது இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

மகிழ்ச்சிக்கு மதிப்பில்லையா?

உண்டு. பள்ளிக்கு வரத் தயங்கும் குழந்தையை ஒரு விளையாட்டு ஈர்த்து வருமாயின் அதுவே பெரும்பயன். அப்பயனை வருகைப் பதிவேட்டில் அளக்கலாம். கணக்கறிவு வளர்ந்ததாகப் பெயர்சூட்ட வேண்டியதில்லை. அனைத்தையும் எழுத்துத் தேர்வில் அடக்க இயலாது என்பாரின் கூற்றிலும் உண்மையுண்டு. பேச்சுத்திறன் வளர்க்கும் விளையாட்டைப் பேசச் செய்தே சோதிக்க வேண்டும். பற்றவைப்பாளருக்கு எழுத்துத் தேர்வு மட்டும் வைத்துச் சான்றளிப்பார் யாருமிலர்.

இவ்வாறு அளப்பதற்குப் பெரும் நிதியோ வெளிநாட்டு ஆய்வாளரோ தேவையென எண்ணுதல் வேண்டா. துவாக்குடியின் கல்லூரி மாணவர் ஒருவர் பின்னக் கணக்கிற்கு ஒரு விளையாட்டை உருவாக்குகிறார் எனக் கொள்வோம். அண்மையிலுள்ள பள்ளியில் ஆறாம் வகுப்பின் பெயர்ச் சீட்டுகளைக் குலுக்கி இரு குழுக்களாகப் பிரிக்கலாம். ஒரு குழு மாலையில் விளையாட்டை ஆடட்டும். மறுகுழு அதே நேரத்தில் ஆசிரியருடன் கரும்பலகையில் கணக்குச் செய்யட்டும். தொடங்குமுன் ஒரு தேர்வு, ஒரு மாதம் கழித்து ஒரு தேர்வு. அரையாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பியதும் மூன்றாம் தேர்வு. மூன்றிலும் தாளும் எழுதுகோலும் மட்டுமே. விளையாட்டில் முன்பே தோன்றிய கணக்கு ஒன்றுகூட வினாத்தாளில் இடம்பெறலாகாது.