நாணயம் என்னும் இருபொருட்சொல்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையிற் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயமே. நாட்டின் விடுதலையையும் பணத்தையும் பற்றிய வாதங்களில் முதற்பொருளையே பலரும் பேசுகின்றனர். இரண்டாம் பொருளையும் உடன்வைத்து நோக்க வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வாதத்துக்கு மன்னார் பொருத்தமான இடமாகும். மாந்தைத் துறையில் உரோமக் காசுகள் கிடைத்துள்ளன. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் காசுகளில் நந்தியின் உருவையும் ‘சேது’ என்னும் சொல்லையும் பொறித்தனர். 1914 முதல் 1964 வரை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில் இருகரை ரூபாவும் ஒரே மதிப்புடையனவாய் இருந்தன.

1948 பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. ஆயினும் பணம் அதன்பின்னும் பழைய நாணயச் சபையின் பொறுப்பிலேயே இருந்தது. ஈடாக வெளிநாட்டு ஒதுக்கு இருந்தாலன்றி அச்சபை புதிய பணம் வெளியிட இயலாது. அமெரிக்க நிபுணர் ஜோன் எக்ஸ்ரரின் அறிக்கையைத் தழுவி 1949இல் சட்டம் இயற்றப்பட்டு, 1950 ஓகஸ்ட் 28ஆம் நாள் மத்திய வங்கி திறக்கப்பட்டது. 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாவின் மதிப்பைக் குறைத்தபோது இலங்கை உடன் குறைக்கவில்லை. தானே தீர்மானிக்கும் உரிமை அன்று கண்கூடாயிற்று.

அவ்வுரிமை பொறுப்பின்றிக் கையாளப்பட்டதன் பயனை 2022இல் கண்டோம். அரசு வரவுக்கு மிஞ்சிச் செலவிட, மத்திய வங்கி பணம் அச்சிட்டு ஈடுசெய்தது. வெளிநாட்டுச் செலாவணி வற்றியது. ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரில் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கொழும்பில் அச்சிட்ட தாளின் சுமை, மண்ணெண்ணெய் ஊற்றிப் படகோட்டும் மன்னார்க் கடற்றொழிலாளியின் தலையில் இவ்வாறு இறங்கியது.

அதனாலேயே 2023இல் இந்திய ரூபாவை இங்கும் பயன்படுத்தலாம் என்னும் பேச்சு வலுத்தது. 2024 பெப்ரவரியில் இந்தியரின் யூ.பி.ஐ. கொடுப்பனவு முறையும் இங்கு வந்தது. வாணிபத்துக்கும் யாத்திரைக்கும் இவ்வசதி நன்றே. அதனை நான் வரவேற்கிறேன். ஆனால் சொந்தப் பணத்தையே கைவிடுதல் வேறு காரியம். 2000ஆம் ஆண்டில் எக்குவடோர் தன் பணத்தை விட்டு டொலரை ஏற்றது. விலையேற்றம் காலப்போக்கில் தணிந்தது. ஆயினும் நெருக்கடி வேளையில் பணத்தின் மதிப்பைத் தானே மாற்றும் வழி அந்நாட்டுக்கு இல்லாதொழிந்தது. அயலாரின் பணத்தை ஏற்போர் அயலாரின் தீர்மானத்தையும் ஏற்கின்றனர்.

ஆகவே நம் ரூபா நம்முடையதாகவே இருத்தல் வேண்டும். அதனை ஆள்வோரின் கை கட்டுக்குள் இருத்தலும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்கு நேரடியாகப் பணம் வழங்குவதைத் தடுக்கின்றது. தேர்தல் நெருங்குந்தோறும் இத்தடையைத் தளர்த்தும் ஆசை எவருக்கும் எழலாம். அப்போது அதனைக் கேள்வி கேட்கும் அறிவு பொருளியல் அறிஞரிடம் மட்டும் இருந்தாற் போதாது. ஆசிரியர்கள் இவ்வரலாற்றை வகுப்பறையிற் கற்பிக்கட்டும். மண்ணெண்ணெயின் விலை ஏன் ஏறியது என்று தந்தைக்கு விளக்கத் தெரிந்த மாணவனே நம் நாணயத்துக்குச் சிறந்த காவலன்.