புது மனைவியும் பழைய கடமையும்

என் பழைய மாணவி ஒருத்தி கடிதம் எழுதியிருக்கிறாள். பட்டம் பெற்று உத்தியோகம் பார்க்கிறவள். அவளுக்கு நிச்சயமாகியிருக்கும் வரன் விவாகரத்தானவர். ஏழு வயதுப் பெண் குழந்தை தாயாரிடம் வளர்கிறது. கோர்ட்டு உத்தரவுப்படி அக்குழந்தைக்கு மாதந்தோறும் ஜீவனாம்சம் கொடுத்து வருகிறார். "ஸார், அவரால் கொடுக்க முடியாமற் போனால் என் சம்பளத்தில் கை வைப்பார்களா?" என்று கேட்கிறாள்.

கேட்க வேண்டிய கேள்விதான். கல்யாணத்துக்கு முன் நகையைப் பற்றிப் பேசக் கூசாத நாம் இதைப் பற்றிப் பேசக் கூசுகிறோம்!

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக நெடுங்காலம் இருந்தது, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சன்ஹிதையின் 144-வது பிரிவாக அமுலில் இருக்கிறது. வசதியிருந்தும் தன் குழந்தையைப் பராமரியாதவனையே அது பிடிக்கிறது. பாக்கி வைத்தால் வாரண்டும் அவன் பேரில், சிறைவாசமும் அவனுக்கே. 1956-ஆம் வருஷத்து ஹிந்து ஜீவனாம்சச் சட்டம் தாயையும் பொறுப்பாளியாக்குகிறது. ஆகப் பெற்றவர்கள் இருவர். பின்னால் வந்தவள் அந்தக் கணக்கில் சேர்ந்தவள் அல்லள்.

இங்கே ஆண்பிள்ளைகள் பலர் குழம்புவதுண்டு. விவாகரத்தான முதல் மனைவி மறுமணம் செய்துகொண்டால், இப்பிரிவின்படி அவளுக்குரிய ஜீவனாம்சம் நின்றுவிடும். குழந்தைக்குரியது நிற்காது. தகப்பன் மறுமணம் செய்துகொண்டாலும் நிற்காது.

ஆனால் சட்டம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. உள்ளே எல்லாருக்கும் ஒரே உலை. அவருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் சம்பளம், அதில் பன்னிரண்டாயிரம் குழந்தைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகையில் விழும் துண்டை யார் அடைப்பது? புது மனைவிதான். அவளுடைய ரூபாய் அக்குழந்தைக்குப் போவதில்லை. போன ரூபாயின் இடத்தை நிரப்புகிறது. இதை முன்னமே காணாதவள்தான் இரண்டாம் வருஷத்தில், "அந்தப் பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு?" என்று கேட்கிறாள். அவரும் சண்டைக்குப் பயந்து ஒரு மாதம் தாமதிக்கிறார். சம்பளம் கட்டாதவர்களின் பெயரை வாசிக்கும்போது வகுப்பில் தலை குனியும் குழந்தைக்கு, எங்கோ ஒரு வீட்டில் நடந்த அந்தச் சண்டை தெரியாது. அப்படிக் குனிந்த தலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் அவளுக்கு எழுதினேன்: கோர்ட்டு உத்தரவை வாங்கிப் படி, பாக்கி உண்டா என்று கேள். அவருடைய சம்பளம் முப்பத்தெட்டாயிரம் என்றே எண்ணிக் குடித்தனத்துக்குத் திட்டம் போடு. அது போதாதென்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடு. உன் சம்பளத்தைத் தனிக் கணக்கிலேயே வைத்துக்கொள். நாளைக்கு அவருக்கு வேலை போனாலோ உங்களுக்கே குழந்தை பிறந்தாலோ, தொகையைக் குறைக்கும்படி 146-வது பிரிவின் கீழ் அவர் மனுச் செய்யலாம். கோர்ட்டு மாற்றும் வரையில் பழைய தொகையே போய்ச் சேரவேண்டும்.