வினைக்குரிய மடிக்கணினி

ஏடும் எழுத்தாணியும் புலவரின் கைப்பொருளாக விளங்கிய காலம் ஒன்று. தாளும் பேனாவும் அவ்விடத்தைப் பெற்ற காலம் மற்றொன்று. இன்று ஆசிரியர், ஆய்வாளர், வணிகர், அலுவலர் என எத்துறையினராயினும் தம் பயணப் பையில் தவறாது வைத்துக்கொள்ளும் கருவி மடிக்கணினியாகும். அதனை வாங்குவதில் நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் அதனை ஆய்ந்து தெரிவதிலும், வாங்கிய பின் ஒழுங்குபடுத்துவதிலும் காட்டுகின்றோமா என்னும் வினாவை இம்மலரின் வாயிலாக எழுப்ப விழைகின்றோம்.

வணிக முறையில் வெற்றி கண்ட முதல் கையேந்து கணினி, 1981-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்பர்ன் 1 ஆகும். அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையின் அளவோ 5 அங்குலமே. அதனை வெளியிட்ட ஆடம் ஆஸ்பர்ன் தம் இளமைப் பருவத்தைத் தமிழகத்தில் கழித்தவர் என்பதும், 2003-இல் கொடைக்கானலில் மறைந்தார் என்பதும் நம்மவர் பலர் அறியாத செய்திகளாம். சுமப்பதற்கு அரிய அக்கருவியை மக்கள் விரும்பி வாங்கியமைக்குக் காரணம் யாது? எழுதுவதற்குரிய மென்பொருளும் கணக்கிடுவதற்குரிய மென்பொருளும் அதனுடன் சேர்த்தே வழங்கப்பட்டன. வாங்கியவர் மேசைமீது வைத்த உடனே வேலையைத் தொடங்க முடிந்தது. கருவி வேறு, வினைக்கு ஆயத்தமான கருவி வேறு என்னும் உண்மையை அவர் அன்றே உணர்ந்திருந்தார். நாம் வலியுறுத்த விரும்புவதும் இதுவே. மடிக்கணினியின் பயன் அதன் விலையில் இல்லை. வாங்குமுன் வினையைத் தெரிதலிலும், வாங்கிய பின் அதனை ஒழுங்கமைத்தலிலும் உள்ளது.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசர்க்கு வகுக்கப்பட்ட அவ்வரிசை, ஒரு கருவியை வாங்கப் புகுவோர்க்கும் பொருந்துவதாகும்.

வினை தெரிதல்

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நம் வேலைகளை வரிசைப்படுத்தி எழுதுதல் நலம். கட்டுரை எழுதுதல், மின்னூல் படித்தல், வகுப்பறையில் திரையிட்டுக் காட்டுதல், இணையத்தில் தேடுதல் ஆகியனவே ஆசிரியர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் உரிய பணிகள். கணக்கேடு, ஜி.எஸ்.டி. படிவம், கடிதப் போக்குவரத்து ஆகியன வணிகர்க்கு உரியன. இவற்றுள் எதற்கும் விளையாட்டுக்கெனச் செய்யப்படும் தனி வரைகலை அட்டை வேண்டுவதில்லை. அவ்வட்டை விலையையும் எடையையும் வெப்பத்தையும் கூட்டி, மின்கலத்தின் ஆற்றலை விரைந்து தீர்க்கும். காணொளித் தொகுப்பும் பொறியியல் வரைபடமும் தொழிலாகக் கொண்டோர்க்கே அது தேவையாம். ஒளிரும் விசைகளையும் பளபளக்கும் மேற்பரப்பையும் கண்டு மயங்கி, தந்தையின் சேமிப்பைச் செலவிடும் மாணவர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

வலியறிதல்

ரேம் எனப்படும் நினைவகம் 16 ஜிகாபைட் இருத்தல் இன்று போதுமான அளவாகும். எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகம் 512 ஜிகாபைட் இருப்பின் சில ஆண்டுகளுக்கு இடர்ப்பாடு இராது. மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. அதனைப் பின்னர்க் கூட்ட இயலாது. எனவே, "பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்னும் கடைக்காரரின் சொல்லை ஏற்குமுன், அக்குறிப்பிட்ட மாதிரியில் அதற்கு இடமுண்டா என்று கேட்டறிதல் வேண்டும்.

பயணம் செய்வோர்க்கு 14 அங்குலத் திரையும் ஒன்றரைக் கிலோவிற்கு உட்பட்ட எடையும் ஏற்றன. ஒளியைத் திருப்பி வீசும் பளபளப்பான திரையை விட மங்கற்பரப்புடைய திரையே சன்னலோர இருக்கையில் கண்ணை வருத்தாது. அகலத்திற்கு ஏற்ப உயரமும் சற்றுக் கூடிய 16-க்கு 10 என்னும் விகிதத் திரையில் பக்கத்தின் கூடுதல் வரிகளைக் காணலாம். அனைத்தினும் மேலாக, விசைப்பலகையில் ஒரு பக்கமேனும் தட்டச்சு செய்து பார்த்தல் வேண்டும். நாள்தோறும் நம் விரல்கள் உறவாடுவது செயலியுடன் அன்று, விசைகளுடனேயாம்.

காலமறிதல்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 இயங்குவதற்கு இன்டெல் செயலிகளுள் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படுகின்றன. ஆகவே மலிவாகக் கிடைக்கின்றதென்று அதற்கு முந்திய கணினியை வாங்குவோர், காவலற்ற வீட்டில் குடிபுகுவோரை ஒப்பர். இலினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும் அறிவும் விருப்பமும் உடையார்க்கு மட்டும் இதில் விலக்குண்டு.

பெரிய நிறுவனங்கள் தம் அலுவலர்க்கென வாங்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற வணிக வரிசைக் கணினிகள் சில ஆண்டுகளில் கைமாறிச் சந்தைக்கு வருகின்றன. உறுதியான கீலும் நல்ல விசைப்பலகையும் உடைய இவற்றின் உறுப்புகளை மாற்றுவதும் எளிது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இவற்றை வாங்குவோர் சிலவற்றை நேரிற் சோதித்தல் வேண்டும். முதலாவது, விற்பனைச் சீட்டும் அதில் கணினியின் வரிசை எண்ணும். இரண்டாவது, முன்னைய நிறுவனம் இட்ட கடவுச்சொல்லோ மேலாண்மைப் பூட்டோ நீக்கப்பட்டுள்ளதா என்பது. மூன்றாவது, மின்கலத்தின் நிலை. மின்கலம் புதிதாக இருந்தபோது கொண்ட அளவையும் இன்று கொள்ளும் அளவையும் ஒப்பிட்டுக் காட்டும் அறிக்கையை விண்டோஸே தயாரித்துத் தரும். அந்த இரண்டு எண்களைப் பார்த்த பின்னரே விலை பேசுதல் முறை.

இடனறிதல்

வானூர்தியில் செல்வோர் மின்கலத்தின் ஆற்றலை வாட்-மணி என்னும் அலகில் அறிந்திருத்தல் வேண்டும். 100 வாட்-மணி வரை உள்ளவற்றைத் தனி இசைவின்றி எடுத்துச் செல்லலாம். 100 முதல் 160 வரை வானூர்தி நிறுவனத்தின் இசைவு வேண்டும். பொதுவான மடிக்கணினிகளின் மின்கலம் இவ்வெல்லைக்கு உட்பட்டதே. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்ட பவர் பேங்க், 3.7 வோல்ட் என்னும் கணக்கில் 74 வாட்-மணி ஆகின்றது. பவர் பேங்கையும் உதிரி மின்கலத்தையும் சரக்குப் பெட்டியில் இடுதல் கூடாது. கைப்பையிலேயே வைத்தல் விதி.

வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் செல்வோர் நம்மிடையே மிகுதி. அங்கெல்லாம் பெரும்பாலும் சதுர முனைகள் மூன்றுடைய பிரித்தானிய வகைச் செருகியே வழங்குகின்றது. நம் வட்ட முனைச் செருகி அதில் பொருந்தாது. மின்னேற்றியின் மீது 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிடப்பட்டிருப்பின் மின்னழுத்தம் பற்றிக் கவலை வேண்டா. செருகி மாற்றி ஒன்றே போதும். யு.எஸ்.பி.-சி வழியாக மின்னேறும் கணினியாயின், 65 வாட் மின்னேற்றி ஒன்றே கணினிக்கும் கைப்பேசிக்கும் ஆகும். 2026 ஏப்ரல் 28 முதல் தன் சந்தைக்கு வரும் மடிக்கணினிகள் இம்முறையில் மின்னேறத்தக்கனவாக இருத்தல் வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருப்பதும் இதன் பயன் கருதியேயாம்.

மொழி ஒழுங்கு

தமிழில் எழுதுவோர்க்கு மிக இன்றியமையாததும், மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் இப்பகுதியே. 1990-களில் தமிழ் மென்பொருள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. அதன் எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறப்பின் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே தோன்றும். அக்காலத்து ஆய்வேடுகளும் மலர்களும் பல, வட்டிலும் தட்டிலும் இருந்தும் படிக்க இயலாதனவாய்க் கிடக்கின்றன. ஓலைச்சுவடியைச் செல்லரித்தது என வருந்தும் நாம், முப்பது ஆண்டுகட்கு முன் எழுதியதையே இழந்துகொண்டிருக்கின்றோம்.

இதற்கு மருந்து ஒருங்குறியாகும். 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010-இல் தமிழக அரசும் அதனைத் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருவிலேயே தட்டச்சு செய்து அச்சகத்திற்கு அனுப்புவோர் இன்றும் உளர். ஒரு கோப்பு எம்முறையினது என்பதை அறிய எளிய வழியுண்டு. சொற்களைத் தெரிவு செய்து எழுத்துருவை மாற்றிப் பார்த்தல் வேண்டும். தமிழ் தமிழாகவே நிற்பின் அது ஒருங்குறி. ஆங்கில எழுத்துக்களாகச் சிதறின் அது பழைய முறை. சிதறும் கோப்புகளை எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறியாக்கி, மெய்ப்புப் பார்த்துச் சேமித்தல் நம் துறையினர் அனைவர்க்கும் கடமையாம்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைக்கின்றோம். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவானதும், தமிழக அரசால் ஏற்கப்பட்டதும் இதுவாகும். உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 'அம்மா' எனத் தட்டும்போது மகரத்தை இருமுறை அழுத்தினால் முதல் மகரம் தானே புள்ளி பெறும். 'ந்த', 'ண்ட' போன்ற இன எழுத்துக்களிலும் அவ்வாறே. மெய்ம்மயக்கம் கற்ற தமிழ் மாணவர்க்கு இது இலக்கணம் விரலில் இறங்கியதுபோல் இனிக்கும். விண்டோஸிலும் மேக்கிலும் இவ்விசைப்பலகை உடனுறைந்தே வருதலின் தனியே வாங்க வேண்டுவதில்லை. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தலே போதும். அரபு மொழியும் பயில்வோர் அவ்விசைப்பலகையையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.

காப்பு

நாம் அறிந்த ஆய்வு மாணவர் ஒருவர் மூன்றாண்டுக் களப்பணியில் திரட்டிய நாட்டார் பாடல் ஒலிப்பதிவுகளைத் தம் கணினியில் வைத்திருந்தார். படியெடுத்து வைக்கும் வழக்கமும் அவர்க்கு உண்டு. ஆனால் படியிருந்த வன்தட்டும் கணினியும் ஒரே பையில் இருந்தன. அப்பை இரவுப் பேருந்தில் களவு போயிற்று. பாடிய மூதாட்டியர் சிலர் அதற்குள் மறைந்துவிட்டனர். கணினியை மீண்டும் வாங்கலாம். அக்குரல்களை எக்கடையில் வாங்குவது?

ஆதலின் மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேற்றிடத்தில் என்பதை நெறியாகக் கொள்ளல் வேண்டும். கணினியில் ஒன்று, வீட்டில் உள்ள வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என்பது எளிய ஏற்பாடு.

களவு போன கணினி பிறர் கையில் திறவாதிருத்தலும் வேண்டும். உள்நுழைவுக் கடவுச்சொல் மட்டும் காவலாகாது. வட்டினைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திப் படித்துவிடலாம். வட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் வசதி விண்டோஸின் தொழில்முறைப் பதிப்பில் பிட்லாக்கர் என்றும், மேக்கில் ஃபைல்வால்ட் என்றும் உள்ளது. அதனை இயக்கும்போது கிடைக்கும் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வீட்டில் வைத்தல் வேண்டும். அது தொலையின் உரியவரும் உட்புக இயலாமற் போகலாம். வெளிநாடு செல்வோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. சிம் அட்டையை மாற்றிய பின் நம் இந்திய எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் கைக்கு எட்டாது. மின்னஞ்சலுக்குரிய மாற்றுக் குறியெண்களைப் புறப்படுமுன்னரே எழுதிக்கொள்ளுதல் அறிவுடைமை.

பெரியோர்க்கும் துறைக்கும்

தமிழக அரசு 2011-இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. நம் சமுதாயப் பெரியோரும் பரிசளிப்பு விழாக்களில் மடிக்கணினி வழங்கி மகிழ்கின்றனர். அவர்கள்பால் ஒரு விண்ணப்பம். விலையுயர்ந்த புதிய கணினி ஒன்றை ஒரு மாணவர்க்கு அளிப்பதை விட, நன்கு சோதிக்கப்பட்ட வணிக வரிசைக் கணினிகள் இரண்டைப் புதிய மின்கலத்துடனும் வன்தட்டுடனும் இருவர்க்கு அளித்தல் மேலாம் எனக் கருதுகின்றோம். பழையதைக் கொடுத்தல் கொடைக்கு இழுக்கு என்பார் உளர். கொடையின் சிறப்பு பெறுவோரின் பயனில் உள்ளதேயன்றி மேடையில் பிரிக்கப்படும் பெட்டியின் பளபளப்பில் இல்லை என்பதே அவர்க்கு நம் விடை.

தமிழ்த்துறைக்கும் ஒரு கடமை உண்டு. ஆய்வில் சேரும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் முதல் வாரத்தில் அரைநாள் ஒதுக்கி, அவர்தம் கணினியில் ஒருங்குறி விசைப்பலகை, மறைகுறியாக்கம், மும்மைப் படி ஆகிய மூன்றையும் அமைத்துக் கொடுத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, அறிந்தவர் ஒருவரும் அரைநாட் பொழுதுமே தேவை. ஆய்வு நெறிமுறைகளுள் அடிக்குறிப்பு இடுவதைக் கற்பிக்கும் நாம், எழுதியதை இழவாமற் காக்கும் முறையையும் கற்பித்தால்தான் அக்கல்வி நிறைவுறும். வரும் கல்வியாண்டிலேயே நம் துறை இதனைத் தொடங்குமாக!