தூண்டில் வாங்குமுன்

மாணவர் சிலருக்கு இப்போது ஒரு புதிய ஆசை பிறந்திருக்கிறது. மலையாற்றின் நடுவே நின்று, நீண்ட நூலைச் சாட்டைபோல் முன்னும் பின்னும் வீசி மீன்பிடிக்கும் மேனாட்டாரைக் கைத்தொலைபேசித் திரையிலே காண்கின்றனர். கண்டதும், “இக்கருவி ஒன்றை வாங்கினால் நமது உடையார்கட்டுக் குளத்திலும் பிடிக்கலாமே, புதிதாகத் தொடங்குபவன் எதை வாங்குவது?” என்று கேட்கின்றனர். இதனை வீண் விளையாட்டென்று நாம் தள்ளிவிடலாகாது. ஒரு கருவியை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப் பழகியவன், வாழ்க்கையிலே வேறு பலவற்றையும் ஆராய்ந்தே தேர்ந்தெடுப்பான்.

இம்முறைக்கு ‘ஈத்தூண்டில்’ என்று பெயரிடலாம். முள்ளிலே இறகும் நூலும் சுற்றி, ஈயைப்போலவோ நீர்ப்பூச்சியைப்போலவோ செய்த பொய்யிரையே இதன் உயிர்நாடி. இது நேற்றுப் பிறந்த வித்தையன்று. மக்கெதோனியர் செந்நிறக் கம்பளி நூலும் சேவலிறகும் கட்டிய முள்ளால் ஆற்றுமீன் பிடித்ததை ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் ஈலியன் என்னும் உரோமாபுரி ஆசிரியர் எழுதிவைத்தார். அவர்களுடைய தடி ஆறடி, நூலும் ஆறடி. நூல் சுற்றும் சில்லு ஒன்றும் இல்லை. நமது வன்னிச் சிறுவனின் தூண்டிலுக்கும் அதற்கும் எத்துணை ஒற்றுமை, பாருங்கள்!

இனி, கருவியின் தத்துவத்தைக் கவனிப்போம். நாம் வழக்கமாகப் பாவிக்கும் தூண்டிலிலே ஈயக்குண்டின் பாரம் தங்கூசி நூலை இழுத்துக்கொண்டு தூரத்தே சென்று விழுகிறது. பொய்யீக்கோ பாரமே இல்லை. ஆதலால், இம்முறையிலே நூலுக்கே பாரம் ஏற்றப்பட்டிருக்கிறது. தடித்த நூல் வளைந்து விரிந்து பறக்க, அதன் நுனியிற் கட்டிய மெல்லிய தங்கூசியும் ஈயும் பின்தொடர்ந்து மெல்லென நீரில் இறங்குகின்றன. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் கடைக்காரர் சொல்லும் இலக்கங்கள் எல்லாம் தாமே விளங்கும்.

அவ்விலக்கங்கள் நூலின் பாரத்தைக் குறிப்பவை. 5ஆம் இலக்க நூலின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது ஏறக்குறைய 9 கிராம் நிறையுள்ளது. 8ஆம் இலக்கம் 210 கிரெயின். 5ஆம் இலக்கத் தடிக்கு 5ஆம் இலக்க நூலே பொருந்தும். எருது ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் இழுத்தாற்போல், பொருந்தாத தடியும் நூலும் வாங்கியவன் கை நோக வீசியும் பயன் காணான். புதியவருக்கு 9 அடி நீளமும் 5ஆம் இலக்கமும் உள்ள தடி, மிதக்கும் நூல், எளிய சில்லு ஆகிய மூன்றும் போதும் என்பதே பொதுவான அபிப்பிராயம். பணம் குறைவாயின் சில்லிலே சிக்கனம் பிடிக்கலாம்; சிறு மீனுக்கு அது நூலைச் சுற்றி வைக்கும் பெட்டியே. நூலிலே சிக்கனம் கூடாது. நூல் மட்டமானால் விலையுயர்ந்த தடியும் வெறுந்தடியே.

ஆனால், கடைக்குப் போகுமுன் குளத்துக்குப் போக வேண்டும். இந்த வித்தை பெரும்பாலும் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனுக்காக வளர்ந்தது. ஆங்கிலேயர் 1880களில் அம்மீனின் முட்டைகளைக் கப்பலில் வருவித்து நுவரெலியா மலைநீரிலே வளர்த்தனர்; தமிழ்நாட்டு நீலகிரியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை நிலைபெறச் செய்தனர். நமது பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரக் குளங்களின் வெந்நீரிலே அது பிழையாது. இங்கே உள்ளவை விராலும் கெளுத்தியும் கெண்டையும் திலாப்பியாவுமே. திலாப்பியாவும் நம் நாட்டு மீனன்று. கிழக்காபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அது 1952ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, இன்று ஏழைக் குடும்பங்களின் சட்டியை நிரப்புகிறது.

திலாப்பியா பாசியை மேய்வது; ஆயினும் மெல்ல அமிழும் சிறு பூச்சியுருவையும் கொத்தும். அதற்கு 5ஆம் இலக்கம் தக்கது. விரால் வேட்டைக்கார மீன். தாமரையிலைக்கும் பாசிக்கும் இடையிலே பதுங்கி, தவளையைக் கண்டால் பாயும். அதனைக் கொடியிலிருந்து பிரித்திழுக்க 8ஆம் இலக்கத் தடியும் தடித்த தங்கூசியும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே தடி தேடுபவர் இரண்டையும் இழப்பர்.

இவ்வளவு பணம் ஏது என்று கேட்கும் மாணவருக்கும் ஒரு வழி உண்டு. ஜப்பானிய மலைவாசிகள் ‘தெங்காரா’ என்னும் முறையிலே, சில்லின்றி, தடியின் நுனியிலேயே நூலைக் கட்டி ஈயை வீசுகின்றனர். ஒன்பது பத்தடி நீளமுள்ள மெல்லிய மூங்கில், அதே அளவு நூல், ஒரு முள், வீட்டுச் சேவலின் கழுத்திறகு இரண்டு – இவ்வளவே தொடங்குவதற்குப் போதும். ஈயை நீங்களே கட்டுங்கள். அதற்காகக் குளத்துப் பூச்சியை உற்றுநோக்கும் மாணவன் விலங்கியலிலே ஓர் அதிகாரத்தைக் கற்றுவிடுகிறான். முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டினால் நசுக்கிவிட்டால், சிறுமீனை நோகாமல் கழற்றி விடலாம். உங்கள் விரலில் ஏறினாலும் எளிதில் எடுக்கலாம்.

வீச்சைப் பழகும் இடம் குளமன்று, விளையாட்டு மைதானம். முள்ளுக்குப் பதிலாகக் கம்பளித் துணுக்கொன்றைக் கட்டிக்கொண்டு பழகுங்கள். நூல் பின்புறமும் பறப்பதால், குளக்கட்டிலே பின்னால் மரமோ மனிதரோ இல்லாத இடம் வேண்டும். தொப்பியும் கண்ணாடியும் அணியாமல் வீசுவது கண்ணோடு விளையாடுவதாகும்.

பெற்றோர் கேட்க வேண்டிய சில செய்திகளும் உள. இக்காலத் தடிகள் பெரும்பாலும் கரியிழையால் ஆனவை. கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். ஐப்பசி இடிமுழக்கம் கேட்டவுடன் தடியைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுக. மின்கம்பியின் கீழே அதனை உயர்த்தவே கூடாது. ஆழம் அறியாமற் காலை விடாதே என்பது நம் பழமொழி. வன்னிக் குளங்களிலே முதலையும் உண்டு. இடுப்பளவு நீரில் நிற்கும் மேனாட்டாரைப் பார்த்து இங்கே இறங்குதல் அறிவீனம். 2009ஆம் ஆண்டில் முடிந்த போர் இப்பகுதி மண்ணிலே விட்டுச்சென்ற வெடிபொருள்களையும் மறத்தலாகாது. இரை தேடிக் கரையைத் தோண்டாதீர்கள். இனந்தெரியாத உலோகத் துண்டைக் கண்டால் தொடாமல் விலகி, பெரியோருக்கு அறிவியுங்கள். மழை கழுவிய கரையிலே நேற்றுக் காணாதது இன்று தெரியலாம்.

குளத்து மீன் பலருடைய பிழைப்பு என்பதையும் நினைக்க வேண்டும். குஞ்சு விடுவதும் வலை போடுவதும் மீனவர் சங்கத்தாரின் ஏற்பாட்டில் நடைபெறும் இடங்களிலே, அவர்களிடம் கேட்டுக்கொண்டு தூண்டில் போடுவதே முறை. அறுந்த தங்கூசியைக் கரையிலே எறிந்துவிட்டு வரலாகாது. அது மட்கிப்போக நெடுங்காலம் செல்லும். அதற்குள் கொக்கின் காலையும் மாட்டின் நாவையும் சுற்றிக்கொள்ளும்.

இறுதியாக, விராலைப் பற்றி ஒரு வார்த்தை. சில வேளைகளிலே செந்நிறக் குஞ்சுக் கூட்டமொன்று நீரின் மேல் கொதிப்பதுபோல் எழுந்தெழுந்து மறையும். அதன் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அப்போது எதை எறிந்தாலும் அவை பாய்ந்து கவ்வும். பசியினாலன்று, பிள்ளைகளைக் காப்பதற்காக. அந்த வேளையில் விராலைப் பிடிப்பது மிக எளிது. பெற்றோரை இழந்த குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். ஒரு மீனைப் பெற்றவன் நூறு மீனை அழித்தவனாவான்.

தடியின் இலக்கத்தையும் நூலின் பாரத்தையும் ஒரு நாளிலே கற்றுவிடலாம். கைக்கெட்டிய மீனை வீசாமல் விடும் கட்டுப்பாடு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதன்று. மூங்கிற்றடியோடு தொடங்கி அதனையும் கற்றுக்கொண்ட மாணவனுக்கு, பின்னொருநாள் தந்தையார் நல்ல தடியொன்றை வாங்கிக் கொடுப்பாராயின், அது வீண்செலவாகாது.